பேசக்கூடாத அறை

போன மாதம் சர்க்கரை பார்ப்பதற்காகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஒடிசாக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலையாம். நர்ஸ் பெண் கைபேசியை அவர் வாயருகே நீட்டினாள். அவர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். போன் தமிழில் சொன்னது: "எனக்கு வயிற்றில் வலி இருக்கிறது." அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் நானும் அந்தப் போன் செய்கிற வேலையைத்தான் செய்தேன், அதைவிட மோசமாக.

அந்த நர்ஸ் பெண் சுமதி எனக்குத் தெரிந்தவள். "இன்னா மேடம் சிரிக்கிறீங்க? உங்க காலத்துல பாஷ தெரியாத பேஷண்ட் வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"எங்க காலத்துல பேஷண்டுக்கெல்லாம் பாஷ தெரியும்டி. டாக்டருக்குத்தான் தெரியாது."

இதைச் சொன்னதுதான் தப்பு. எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாம் ஏரியில் மீன் பிடிப்பவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறும் இங்கிலீஷும் சேர்ந்து கிடைத்தன. நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிக் கேட்டால், விரிப்பின் மூலையை மடிக்கும் விதமும் தீராத தூக்கமும்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. படிப்பு முடிந்ததும் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஓடு வேய்ந்த இரண்டு வார்டு, ஒரு ஆபரேஷன் அறை, பின்னால் ஒரு குளம். மத்தியான வெயிலில் குளத்துத் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஏறி வந்து வார்டின் கூரையில் அசைந்துகொண்டிருக்கும். கட்டிலில் கிடப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

பெரிய டாக்டர் பெயர் தேவசகாயம். அவர் கோபப்பட்டுக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டைப் படிப்பார். நோயாளி சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். நம் வார்த்தை ஏதாவது கலந்திருந்தால் அதன் கீழே மெதுவாக ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, "கன்னியம்மா, இது அவர் பேச்சா, உன் பேச்சா?" என்பார். ஒரு தடவை நான் "பசியின்மை" என்று எழுதியிருந்தேன். அவரே அந்தக் கிழவரிடம் போய்க் கேட்டார். கிழவர், "சோத்தப் பாத்தா கோவம் வருது நைனா," என்றார். டாக்டர் அதை அப்படியே எழுதச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசியின்மைக்கு என்ன குறைச்சல் என்று அன்றைக்கு முழுவதும் கரித்துக்கொட்டினேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற பெண் வந்து சேர்ந்தாள். டாக்டர் படிப்பின் கடைசி வருடம். மூன்று மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவள் இங்கிலீஷும் தடுக்கித் தடுக்கித்தான் வரும், என் இங்கிலீஷும் அந்த லட்சணம்தான். அவள் கேட்பதை நான் நோயாளியிடம் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? ஒரு அம்மாள் மருமகளில் ஆரம்பித்து, வீட்டு ஓட்டையில் புகுந்து, கால் மணி நேரம் பேசி முடிப்பாள். நான் கிர்ஸ்டனிடம், "தலைவலி, நாலு நாளாக," என்பேன்.

"இவ்வளவு நேரம் பேசினார்களே?" என்று அவள் கேட்பாள்.

"ஆமாம். தலைவலி."

அவள் பாவம், வெளுத்த புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாள். டாக்டர் இதைக் கவனித்துவிட்டார். "கன்னியம்மா நல்ல நர்ஸ். ஆனால் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பாள். உன் காதில் விழுவதை நீயே எழுதிக்கொள்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவர் சும்மா சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். கிர்ஸ்டன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நோயாளி பேசப் பேச, அர்த்தம் தெரியாத அந்தச் சத்தங்களைத் தன் ஊர் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். மாலையில் டீ குடிக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளுக்கு ஒன்றும் புரியாது, எனக்குப் புரியும். எங்கள் குப்பத்துப் பேச்சு அந்த வாயிலிருந்து வரும்போது, கனவில் தெரிந்தவர்கள் பேசுவது போல, கிட்டேயும் தூரத்திலுமாகக் கேட்கும். நான் மத்தியானம் வெட்டி எறிந்ததெல்லாம் அதில் இருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவளைப் பார்த்தால் எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை. வெள்ளைக்காரப் பெண் பாவாடை சட்டையில் குனிந்து கும்பிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வரும்? காய்ச்சலில் வந்தவனும் சிரிப்பான், கட்டியோடு வந்தவனும் சிரிப்பான்.

அப்படி ஒரு காலையில்தான் கோதண்டம் வந்தான். எங்கள் குப்பத்துப் பையன், எனக்கு நாலைந்து வயது இளையவன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூட அவன் மனைவி மாரி.

"இன்னாடா கோதண்டம்?"

"பல்லு வலிக்கா. நேத்துலேந்து வாய் தெறக்க வரல."

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வருவார், அன்றைக்கு வா என்று கிராம்புத் தைலம் கொடுத்தேன். கிர்ஸ்டனிடம், "பல்வலி," என்றேன். அவள் எழுதவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் ஏன் சிரிக்கிறார்?"

"உன்னைப் பார்த்துத்தான். எல்லோரும்தான் சிரிக்கிறார்களே."

"அந்த அம்மாள் அழுகிறாள். இவர் ஏன் சிரிக்கிறார்?"

அப்போதுதான் நான் மாரியைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கிர்ஸ்டன் கோதண்டத்தின் எதிரே போய் நின்றாள். தன் இரண்டு விரல்களால் தன் உதட்டின் ஓரங்களைக் கீழே இழுத்துக் காட்டி, நீயும் இப்படிச் செய் என்று சைகை செய்தாள். அவன் முயன்றான். உதடு இறங்கவில்லை. புருவம் தூக்கியபடி, பல் தெரிய, முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. அது சிரிப்பில்லை. அது தாடையைப் பூட்டிக்கொண்டு முதுகெலும்பு வரை இறங்குகிற ரண ஜன்னி, டெட்டனஸ். நான் ஏழெட்டுப் பேரைப் பார்த்திருக்கிறேன். கிர்ஸ்டன் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவள் ஊரில் ஊசி போட்டுப் போட்டு அந்த நோயே அருகிவிட்டதாம், புத்தகத்தில் படித்ததோடு சரி. பார்த்துப் பழகிய நான் அவனை வண்டியேற்றி வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. "காயம் எங்கே?" என்றார்.

"காயம் ஒண்ணும் இல்லீங்க," என்றான் கோதண்டம்.

"முள், ஆணி, மீன் முள், ஏதாவது குத்தியதா?"

"இல்லீங்க. நான் பத்து நாளா ஏரிலயே எறங்கல."

மாரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவன் பாதங்களைத் தடவிப் பார்த்தேன். ஏரியில் நடக்கிறவன் காலில் தழும்புக்கா பஞ்சம்? எல்லாம் பழையவை. புதுக் காயம் ஒன்று எங்கோ மூடிக்கிடந்து, உள்ளே விஷத்தைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதைத் திறந்து சுத்தம் செய்யாமல் விஷமுறிவுச் சீரம் மட்டும் போட்டால் இவன் தாங்குவானா என்பது சந்தேகம் என்று டாக்டர் தனியாகச் சொன்னார். புரட்டிப் பார்க்கவும் முடியாது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்துவிடும்.

அதற்கென்று ஒரு அறை இருந்தது. ஜன்னலில் இரட்டைக் கம்பளி தொங்கவிட்டோம். கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டோம். செருப்பு வெளியே. வாளியின் கைப்பிடியில் துணி சுற்றினோம், அது கணீரென்றால் போதும், அவனுக்கு இழுப்பு வந்துவிடும். காதில் பஞ்சு. மூக்கு வழியாகக் குழாய், அதில் பாலும் அடித்த முட்டையும். ஊசி போடுவதற்கு முன்னால் உள்ளங்கையை அவன் புஜத்தில் வைத்துப் பத்து வரை எண்ண வேண்டும், நான் வந்திருக்கிறேன் என்று அந்த உடம்புக்குச் சொல்வதற்காக. அப்புறம்தான் ஊசி. முக்கியமான சட்டம், உள்ளே யாரும் பேசக்கூடாது. நோயாளி முனகலாம். நமக்கு வாய் கிடையாது.

நானும் கிர்ஸ்டனும் பகலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். அந்த அறையை நினைத்தால் இன்னும் எனக்குக் கண் சொக்குகிறது. கம்பளியின் ஒரு நூல் இடைவெளியில் ஒரு வெளிச்சக் கோடு வந்து சுவரில் ஊரும். அது கதவைத் தொட்டால் மத்தியானம், மருந்து அலமாரியைத் தொட்டால் நாலு மணி. ஏரிக்காற்றின் உப்பு வாசனையும் மருந்து வாசனையும் கலந்து மிதக்கும். வெளியே ஏதோ ஒரு உலகத்தில் காகம் கத்தும். எங்கள் பேச்செல்லாம் சைகைதான், விரலை உயர்த்தினால் ஊசி, உள்ளங்கையைக் கவிழ்த்தால் தூங்குகிறான், நெஞ்சைத் தொட்டால் மூச்சை எண்ணு. வெளியே என்னிடம் கேட்டுக் கேட்டு நடக்கிறவள், உள்ளே எனக்குச் சமமாக நின்றாள். அங்கே எனக்கும் பாஷை இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கிர்ஸ்டன் வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. அவளோடு கிணற்றடிக்குப் போனேன். பல்லைக் கடித்தபடியே அவன் வெகுநேரம் பேசினானாம். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டியும் நிறுத்தவில்லையாம். கதவோரத்து வெளிச்சத்தில் நோட்டை வைத்துக்கொண்டு சத்தங்களை எழுதியிருக்கிறாள். இரண்டு பக்கம்.

"வாசி," என்றேன்.

வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடி, ஓட வேண்டிய இடத்தில் நின்று, மந்திரம் ஒப்பிப்பது போல வாசித்தாள்.

"யம்மா, உனுக்கு ஒண்ணும் புரியாது. அதான் சொல்றேன். போன செவ்வாக்கெழம. வெடியசொல்ல. எம் பாடு இல்ல. வேலு அண்ணன் பாடு. அண்ணன் காணம். எறா துள்ளிக்கினு கீது. எறங்கிட்டேன். முட்டிக்குப் பின்னால கெளுத்தி குத்திச்சி. முள்ளு உள்ளயே ஒட்ஞ்சிபோச்சி. சுண்ணாம்பு வெச்சேன். திருடிட்டேன். சாவுறேன். சாவட்டும்."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரியைத் தெரிய வேண்டும். வலை போட நல்ல இடங்கள் சிலதான். யாருக்கு எந்த இடம் எந்த நாள் என்று குப்பத்தில் முறை வைத்துப் பிரிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டு நாளில் இன்னொருவன் வலை அங்கே இறங்கக்கூடாது. இறங்கினால் ஊர்க்கூட்டம் கூடும், முறைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனவன் கூலிக்குப் படகு தள்ள வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை கால் குத்துப்பட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கு யார் பாடு, இவனுக்குத் தண்ணீரில் என்ன வேலை என்று குப்பமே கேட்கும். உயிர் போனாலும் பரவாயில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான் பாவி. மாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலு அண்ணன் என்றது என் சொந்த அண்ணனை. அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவர் தம் பாடு இடத்துக்குப் போகாமல், எனக்கு நண்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பேசிக்கொண்டிருந்து நேரத்தை ஓட்டியவள் நான். அவர் திரும்பிப்போய் வலை போட்டபோது ஒன்றும் இல்லை. "ஏரி எம் மேல கோவமா கீது கன்னி," என்று மறுவாரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன், எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அவள் வாசித்தால் அவளுக்கு விளங்காது, நான் பார்த்தால் எனக்கு விளங்காது. எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டு இறாலை எடுத்தவன் என்று வந்தது. உடனே, ஐயோ, இருபத்திரண்டு வயசு என்றும் வந்தது. ஓடினேன்.

டாக்டர் அறையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். "சார், காயம் இடது முழங்காலாக இருக்கலாம், வலதாகவும் இருக்கலாம். பின்பக்கம். மடிப்பில்."

"யார் சொன்னது?"

"பேஷண்ட்தான் சார்."

"என்ன வார்த்தையில் சொன்னார்?" சிவப்புப் பென்சில் கையில் இருந்தது.

கேஸ் ஷீட் கட்டிலின் காலில் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கள் குப்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே இருந்தார்கள்.

"கெளுத்தி குத்திச்சின்னாரு, சார்."

"என்றைக்கு?"

"நாள் சொல்லல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

கிர்ஸ்டன் பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது அரை வரி, அவள் கையில் இரண்டு பக்கம். டாக்டர் அவள் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கிர்ஸ்டன் நோட்டை மூடினாள். டாக்டர் அரை வரியை எழுதிக்கொண்டு எழுந்தார்.

மயக்க மருந்து கொடுத்துப் புரட்டினோம். இடது முழங்கால் மடிப்பில் மச்சம் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டர் கீறினார். சீழோடு அரை அங்குல முள் வந்தது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றினார். அது பொங்கியது. கிர்ஸ்டன் முள்ளைக் கிண்ணத்தில் வாங்கினாள், கிண்ணம் சத்தம் போடாமலிருக்க அடியில் பஞ்சு வைத்திருந்தாள்.

அதன் பிறகும் இரண்டு வாரம் இழுபறிதான். ஒரு நாள் மூச்சே நின்றுவிட்டது. கிர்ஸ்டன் தன் வாயை அவன் வாயோடு வைத்து ஊதினாள். மாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையைவிட்டு வெளியே வந்ததும் கிர்ஸ்டனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இழுப்பு குறைந்தது, நாளுக்கு நாலு, இரண்டு, ஒன்று. ஒரு காலையில் தாடை இளகி, கஞ்சி குடித்தான். ஜன்னல் கம்பளிகளில் ஒன்றை எடுத்தோம். குளத்து வெளிச்சம் கூரைக்கு வந்து சேர்ந்தது.

அவன் நடக்க ஆரம்பிப்பதற்குள் கிர்ஸ்டனின் மூன்று மாதம் முடிந்துவிட்டது. போகிற அன்று அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து என் கையில் கொடுத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை அவள் என்னைக் கேட்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தாளை ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பில் போட்டேன்.

கோதண்டம் வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. மாரி வண்டி பார்க்கப் போயிருந்தாள். அவன் கம்பை ஊன்றிக்கொண்டு, நான் துணி மடிக்கிற இடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அந்த வெள்ளக்காரம்மா போய்ட்ச்சாக்கா?"

"போய்ட்டாங்கடா. இந்நேரம் கப்பல்ல இருப்பாங்க."

"உங்கையில எதுனா சொல்லிச்சா?"

"அதுக்குத் தமிழ் எங்க தெரியும்? இன்னா சொல்லும்?"

அவன் கம்பின் நுனியால் தரையைக் கீறினான். "அதுங்கையில ஒண்ணு சொன்னேங்க்கா. புரியாதுன்னுதான் சொன்னேன். சொல்லியும் எறங்கல. புரியறவங்க யாருக்காச்சும் சொல்லணும்."

நான் மடிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லு," என்றேன்.

சொன்னான். செவ்வாய்க்கிழமையைச் சொன்னான், விடியற்காலையைச் சொன்னான், இறால் துள்ளியதை, இறங்கியதை, கெளுத்தியை, சுண்ணாம்பை, எல்லாம் சொன்னான். முதல் தடவை கேட்கிறவள் மாதிரி நான் "அய்யய்யோ" என்றேன், "அடப்பாவி" என்றேன். அவன் அழுதான். என் கண்ணிலும் நிற்கவில்லை. ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை. "யாரோ ஒருத்தரு பாடுக்கா," என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தான்.

யாருடைய பாடு என்று நான் கேட்கவில்லை.